படகு போகாத நாள் வாழ்க

கடற்பறவைகள் மனிதரைப் பற்றி என்ன அபிப்பிராயம் வைத்திருக்கின்றன என்று தனியாக ஆராய வேண்டியதில்லை. அவை குடித்தனம் நடத்தத் தேர்ந்தெடுத்த விலாசங்களைப் பார்த்தாலே போதும். ஐஸ்லாந்தின் மேற்குக் கோடியில் 14 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலைப் பார்த்து நிற்கிறது லாட்ராபியார்க் என்னும் பாறைச்சுவர். அதன் உச்சி 441 மீட்டர். ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக்கின் நடுவில் செயின்ட் கில்டா. அக்கம்பக்கம் என்று சொல்லிக்கொள்ள இருக்கும் வட யூயிஸ்ட் தீவே 64 கிலோமீட்டர் தள்ளி. ஷெட்லாந்தின் வடநுனியில் ஹெர்மனெஸ். அயர்லாந்தின் தென்மேற்கில், கரையோடு மனஸ்தாபம் வந்து வெளியேறியவை மாதிரி கடலுக்குள் நிற்கும் இரண்டு ஸ்கெல்லிக் பாறைகள். இத்தனை இடத்துக்கும் பொது லட்சணம் ஒன்றுதான்: நரி வராது, பூனை வராது, மனிதனும் வரமாட்டான். இதில் கடைசிக் கணிப்பில்தான் பறவைகள் ஏமாந்துபோயின. மனிதன் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வாந்தி மாத்திரையை விழுங்கிவிட்டு, மழைக்கோட்டோடு வந்து நிற்கிறான். இந்த விஷயத்தில் என் கட்சி இதுதான்: போகட்டும், தடையில்லை, ஆனால் போகிற வழியில் அவன் படும் பாட்டை யாரும் குறைத்துத் தொலைக்க வேண்டாம். படகு ரத்தாவது, குமட்டல், பக்கவாட்டில் அடிக்கும் மழை, எச்ச நாற்றம், மண்டையில் விழும் கொத்து ஆகியவை சுற்றுலாத் துறை உடனே கவனித்துச் சரிசெய்ய வேண்டிய குறைகள் என்று பலர் நினைக்கிறார்கள். கடற்பறவைக்கு வாய்த்த காவல்களில் மிகப் பழையதும், இன்றுவரை கைநீட்டாததும் அவைதாம்.

முதலில் பறவையின் தரப்பைப் பார்ப்போம். கில்லிமாட் என்றொரு பறவை. முதுகு கரும்பழுப்பு, வயிறு வெள்ளை, நிற்பதில் ஒரு நிமிர்வு. கூடு கட்டும் வழக்கமே அதற்குக் கிடையாது. குச்சி, புல் என்று எதற்கும் அலையாமல், வெறும் பாறை விளிம்பில் ஒரே ஒரு முட்டையை இட்டு, காலுக்கும் வயிற்றுக்கும் நடுவில் வைத்துக்கொள்கிறது. சதுர மீட்டருக்கு இருபது ஜோடி என்ற அளவில்கூட நெருக்கியடித்துக்கொண்டு அடைகாக்கும். நீலப்பச்சை, வெள்ளை, பழுப்பு என்று முட்டைக்கு முட்டை நிறம் வேறு. மேலே பேனா மையைக் கொட்டிக் கிறுக்கியதுபோல் கோடுகளும் புள்ளிகளும். அந்த நெரிசலில் தன்னுடையது எது என்று தெரிய வேண்டுமே! முட்டையின் ஒரு முனை மழுங்கி, மறுமுனை நன்றாகக் கூர்த்திருக்கும். உருண்டால் நேரே ஓடாமல் வட்டமடிக்கும், அதனால் கீழே விழாது என்று பல தலைமுறைகளாகச் சொல்லிவந்தார்கள். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டிம் பர்க்ஹெட் 1970களிலிருந்து வேல்ஸின் ஸ்கோமர் தீவில் இந்தப் பறவையையே பார்த்துக்கொண்டிருப்பவர். அவருக்கு இந்த விளக்கத்தில் திருப்தியில்லை. சாய்வான பாறையில் முட்டை உருளத் தொடங்காமலே கிடக்க அந்த வடிவம் உதவுகிறது என்கிறார். இன்னொரு காரணமும் அவர் தரப்பில் சொல்லப்படுகிறது: சுவாசத்துளைகள் அதிகமுள்ள மழுங்கிய முனை, எச்சச் சகதியில் அமுங்காமல் சற்றுத் தூக்கலாக இருக்கும். ஓவியக்காரர்கள் வியக்கும் ஒரு வடிவம் பக்கத்து வீட்டுக் கழிவைச் சமாளிக்க ஏற்பட்டிருக்கலாம் என்பதை ஜீரணிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்தான்.

அதோடு முடியவில்லை. குஞ்சுக்கு மூன்று வாரம் ஆனதும், பறக்கச் சிறகு முளைத்து முடியாத நிலையிலேயே, ஒரு சாயங்கால வேளையில் அப்பா கீழே கடலில் மிதந்தபடி குரல் கொடுக்கிறார். குஞ்சு விளிம்புக்கு வருகிறது, பார்க்கிறது, பின்வாங்குகிறது, மறுபடி வருகிறது, கடைசியில் குதித்தே விடுகிறது. குட்டைச் சிறகை அடித்துக்கொண்டு விழுகிற உடம்பு பஞ்சு மாதிரி லேசானது என்பதால், வழியில் பாறையில் மோதினாலும் பெரும்பாலும் எழுந்து நீந்தப் போய்விடும். அதன்பின் வாரக்கணக்கில் நடுக்கடலில் வைத்து வளர்ப்பது முழுக்க முழுக்க அப்பாவின் பொறுப்பு. பெற்ற பிள்ளையை இப்படிக் குதிக்கச் சொல்லும் ஏற்பாட்டை ஓர் உயிரினம் காலங்காலமாகக் கடைப்பிடிக்கிறது என்றால், தரைவழியாக நடந்துவரும் ஜீவராசிகள்மேல் அதற்கு எவ்வளவு அவநம்பிக்கை இருந்திருக்க வேண்டும்! அப்படிப்பட்ட இடத்துக்கு ரோப் கார் போடலாமே, காப்பிக் கடை வைக்கலாமே என்று யோசனை சொல்கிறவர்களை என்ன செய்வது?

இனி வருகிறவர் படும் பாடு. செயின்ட் கில்டாவுக்கு ஹாரிஸ் தீவிலிருந்து சிறுபடகில் போக மூன்று மணி நேரம் ஆகும். திரும்ப இன்னொரு மூன்று. அட்லாண்டிக் அன்று எந்த மனநிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, போகிற மூன்று மணியிலேயே பயணிக்குப் பறவைகள் மீதுள்ள பாசம் பாதியாகிவிடும். பாறை கண்ணுக்குத் தெரியுமுன் மூக்குக்குத் தெரிந்துவிடும். மீன் மட்டுமே தின்கிற லட்சக்கணக்கான வயிறுகளின் கணக்கு அந்தப் பாறையில் வெள்ளை வெளேரென்று எழுதப்பட்டிருக்கிறது. ஹெர்மனெஸில் கரையேறினால் பெரிய ஸ்குவா என்னும் முரட்டுப் பறவை மண்டையைக் குறிவைத்து நேராகப் பாயும். நம்மில் எது உயரமோ அதைத்தான் தாக்கும் என்பதால், தலைக்கு மேலே ஒரு கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கும்படி சொல்கிறார்கள். உயர்கல்வி கற்ற பெரியவர்கள் வரிசையாகக் கொடி இல்லாத கொடிக்கம்பத்தை ஏந்திக்கொண்டு புல்வெளியில் போகிற ஊர்வலத்தை அங்கே காணலாம். இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில் ஆர்க்டிக் ஆலாக்கள். தொப்பியில்லாமல் வந்தவர்களின் உச்சந்தலையில் கையெழுத்துப் போடும். ஃபுல்மார் குஞ்சு அசைவதில்லை, பாய்வதில்லை. கிட்டே போனால் வயிற்றிலிருந்து நாறும் எண்ணெயை எக்கித் துப்பும். அந்தச் சட்டையைத் துவைத்துப் பயனில்லை. லாட்ராபியார்க்கில் விளிம்பின் மண்ணைப் பஃபின்கள் வளைதோண்டிச் சல்லடையாக்கி வைத்திருப்பதால், நின்று எட்டிப் பார்ப்பது ஆபத்து. குப்புறப் படுத்து, நகர்ந்து போய்த் தலையை மட்டும் நீட்ட வேண்டும். சாஷ்டாங்கமாக விழுந்து கிடப்பவரின் மூக்குக்கு ஒரு முழ தூரத்தில் பஃபின் நிற்கும். சிவப்பும் மஞ்சளும் சாம்பல் நீலமுமாக வரிவரியான அலகு, கண்ணைச் சுற்றி முக்கோண மை, ஆரஞ்சுப் பாதம், வாயில் குறுக்காக அடுக்கிய வெள்ளி நிறப் பொடிமீன்கள். கீழே விழுந்து வணங்கியவரைத் தலையைச் சாய்த்து ஒருமுறை பார்க்கும். ஆசீர்வாதம் எதுவும் இல்லாமல் வளைக்குள் போய்விடும்.

இதெல்லாம் வேடிக்கை சரி, ஆனால் அசௌகரியத்தைக் காவல் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கலாம். அத்தாட்சி உண்டு, அது வேடிக்கையானது இல்லை. வட அட்லாண்டிக்கில் பெரிய ஆக் என்றொரு பறவை இருந்தது. பெங்குவினைப் போல் நிமிர்ந்த உடம்பு, குட்டைச் சிறகு, பறக்கத் தெரியாது. பறக்க முடியாததால் செங்குத்துப் பாறையில் ஏறமுடியவில்லை. கடலிலிருந்து நடந்து ஏறக்கூடிய தாழ்ந்த தீவுகளில்தான் முட்டையிட்டது. அது ஏறக்கூடிய இடத்தில் மனிதனும் ஏறக்கூடும் என்பதுதான் அதன் தலையெழுத்து. இறைச்சிக்கும் கொழுப்புக்கும் இறகுக்குமாக இடத்துக்கு இடம் துடைத்தெடுத்தார்கள். ஐஸ்லாந்துக்குத் தென்மேற்கே கெய்ர்ஃபுக்லாஸ்கெர் என்ற சின்னஞ்சிறு எரிமலைத் தீவில் மட்டும் ஒரு கூட்டம் தப்பித்திருந்தது. காரணம், அந்தத் தீவைச் சுற்றி அலை ஓயாமல் கொந்தளித்ததால் படகை ஒதுக்கவே முடியாது. 1830இல் கடலடி எரிமலை குமுறித் தீவே மூழ்கிப்போனது. மிஞ்சிய பறவைகள் பக்கத்தில் எல்டி என்ற பாறைக்குக் குடிமாறின. அங்கே படகு ஒதுங்க ஒரே ஒரு சரிவு இருந்தது. அந்த ஒரு சரிவு போதுமாயிருந்தது. பறவை அரிதாகிவிட்டது என்று தெரிந்ததும் அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் விலையை ஏற்றினார்கள். 1844 ஜூன் மாதம் கடைசி ஜோடியைப் பிடித்துக் கழுத்தை நெரித்தார்கள். இறங்குவதற்கு வசதியான ஒரு படித்துறைக்கும் ஓர் இனம் அழிவதற்கும் நடுவே இருந்தது 14 ஆண்டுகள். வசதியை நான் சந்தேகத்தோடு பார்ப்பது சோம்பேறித்தனத்தால் மட்டும் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது சாட்சி இங்கிலாந்தின் யார்க்ஷயர் கரை. பெம்ப்டன், ஃப்ளாம்பரோ பகுதியில் நூறு மீட்டர் உயரத்துக்குச் சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள். உள்ளூரில் தலைமுறை தலைமுறையாக முட்டை எடுப்பவர்கள் இருந்தார்கள். ஒருவர் கயிற்றில் தொங்கிக்கொண்டு இறங்க, மற்றவர்கள் மேலே பிடித்துக்கொள்வார்கள்; விழும் கல்லுக்குப் பயந்து தலையில் வைக்கோலோ துணியோ திணித்த தொப்பி. உயிரைப் பணயம் வைத்து ஒரு கூடை முட்டை. பறவைகள் அந்தக் கப்பத்தைக் கட்டிவிட்டுத் தொடர்ந்து பெருகிக்கொண்டுதான் இருந்தன. 1846இல் பிரிட்லிங்டனுக்கு ரயில் வந்தது. ஊரிலிருந்து காலையில் புறப்பட்டு, மத்தியானம் படகில் ஏறி, பாறைக்குக் கீழே போய்நின்று, அடைகாக்கும் பறவைகளைச் சுட்டுத் தள்ளிவிட்டு, ராத்திரி வீட்டில் படுத்துக்கொள்ளலாம் என்ற சொகுசு பிறந்தது. குறி தப்பவே வாய்ப்பில்லாத வேட்டை அது. சுவர் முழுக்கப் பறவை. சுட்டதை எடுத்துக்கொண்டு போவதுகூட இல்லை, மிதக்கவிட்டுப் போய்விடுவார்கள். போதாததற்குச் சீமாட்டிகளின் தொப்பிக்குக் கிட்டிவேக் என்னும் கடற்பறவையின் சிறகு வேண்டியிருந்தது. பிரிட்லிங்டன் பாதிரியாரும் உள்ளூர்க்காரர் சிலரும் 1868இல் சங்கம் சேர்த்தார்கள், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆல்ஃப்ரெட் நியூட்டன் மேடையில் முழங்கினார், கிறிஸ்டஃபர் சைக்ஸ் பாராளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார், 1869இல் கடற்பறவைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. மூடுபனி நாளில் இந்தப் பறவைகளின் இரைச்சலைக் கேட்டுத்தான் மாலுமிகள் பாறை கிட்டே இருக்கிறது என்று விலகிப்போனார்கள். 'ஃப்ளாம்பரோ பைலட்' என்றே அவற்றுக்குப் பெயர். பறவை பாவம் என்றால் அசையாத சபை, கப்பலுக்கு நஷ்டம் என்றதும் காது கொடுத்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலுவான மறுப்பு. ஜனங்கள் போய்ப் பார்த்தால்தானே பாசம் வரும், பாசம் வந்தால்தானே காப்பாற்றுவார்கள், வழியை அடைத்துவிட்டால் யார் குரல் கொடுப்பது? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ரயில் பயணிகள் பறவையைப் பார்க்காமலா சுட்டார்கள்? மிகக் கூர்ந்து பார்த்தார்கள். துப்பாக்கியின் குறிமுள் வழியாக. கண்ணால் கண்டதும் கருணை ஊறும் என்பது நிச்சயமாக இருந்தால் மீன் சந்தையில் ஒருவரும் வியாபாரம் செய்ய முடியாது. அன்று குரல் கொடுத்தவர்கள் அந்தக் கரையில் குளிரும் காற்றும் தின்று ஆண்டுமுழுக்க இருந்தவர்கள், அல்லது பறவைக்காக வாழ்நாளைச் செலவழித்தவர்கள். நேரமோ உடம்போ கொஞ்சம் செலவானவர்களுக்குத்தான் பார்த்தது மனசில் ஒட்டுகிறது என்று நினைக்கிறேன். மூன்று மணி நேரம் படகின் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டு வந்த ஒருவர், தான் பார்த்த பஃபின் சாதாரணமானது என்று ஊரில் ஒப்புக்கொள்வாரா? பட்ட கஷ்டத்துக்கு நியாயம் கற்பிப்பதற்காகவாவது அதை ஆயுள் முழுக்கப் புகழ்ந்தாக வேண்டும். பாதுகாப்பு இயக்கங்களுக்கு இப்படிப்பட்டவர்கள்தான் சந்தா கட்டுகிறார்கள்.

செயின்ட் கில்டாக்காரர்களை விட்டுவிட்டு இந்த வழக்கை முடிக்க முடியாது, ஏனென்றால் பறவைகளுக்கு அவர்களைவிட நெருங்கிய உறவு இருந்ததில்லை: தின்றார்கள். ஃபுல்மார், கேனட், பஃபின் என்று வேளைக்கொன்று. விளக்குக்கு ஃபுல்மார் எண்ணெய். தீவின் சொந்தக்காரருக்குக் குத்தகை இறகாக. 1869 சட்டத்திலேயே அந்தத் தீவுக்கு மட்டும் விலக்கு கொடுக்க வேண்டியிருந்தது. பறவையைத் தொடாதே என்றால் சோற்றைத் தொடாதே என்று அர்த்தம். அங்கே மனைவியைத் தேடுகிற இளைஞன் 'காதலிக் கல்' என்ற ஒரு பாறை நுனியில் ஒற்றைக் காலில் நின்று, கீழே பள்ளம் தெரியக் குனிந்து, கைமுட்டியைப் பாதம்வரை நீட்டிக் காட்ட வேண்டும் என்று 1697இல் போய்வந்த மார்ட்டின் மார்ட்டின் எழுதிவைத்திருக்கிறார். நம் பக்கத்தில் மாப்பிள்ளைக்குச் சம்பளச் சீட்டும் ஜாதகமும் கேட்கிறோம். அவர்கள் சமநிலையைக் கேட்டார்கள். விழுந்துவிட்டால் சம்பந்தம் தானாகவே முறிந்துவிடும், தரகருக்குப் பேச்சு மிச்சம். இப்படி நூற்றாண்டுக் கணக்கில் தின்றும் பறவை தீரவில்லை. ஒரு கயிறு, ஒரு ஆள், ஒரு பருவம், ஒரு தவறுக்கு ஓர் உயிர் என்றிருந்தால் பேராசைக்கு ஓர் எல்லை தானாகவே வந்துவிடுகிறது. 1877இலிருந்து கோடைக்காலத்தில் பயணிகளோடு நீராவிக் கப்பல்கள் வரத்தொடங்கின. பறவை பார்க்க வந்தவர்கள், பறவை பிடிப்பவர்களைப் பார்த்தார்கள். காசு கொடுத்துப் பாறையில் இறங்கிக் காட்டச் சொன்னார்கள், முட்டையை நினைவுப் பொருளாக வாங்கிக்கொண்டார்கள். பிழைப்பு வேடிக்கையாகிவிட்டது. 1930 ஆகஸ்ட் 29 அன்று மிச்சமிருந்த 36 பேரும் தங்கள் விருப்பப்படியே கப்பலேறித் தீவைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். அதற்குக் காரணங்கள் பல. சுற்றுலாவின் தலையில் மட்டும் பழியைப் போட மாட்டேன். கப்பல் வந்துபோக ஆரம்பித்த பிறகு தீவுக்காரர்களுக்குத் தங்கள் தீவு தொலைவாகத் தெரிய ஆரம்பித்தது என்று மட்டும் சொல்வேன்.

இன்னொரு மறுப்பு நியாயத்தோடு சேர்ந்து வருகிறது. கஷ்டத்தை இப்படிக் கொண்டாடினால் முழங்கால் வலிக்காரர், சக்கர நாற்காலியில் வருபவர், கைக்குழந்தையோடு வருபவர், படகுக் கட்டணம் கொடுக்க முடியாதவர் எல்லாரும் வெளியே நிற்பதா? திடகாத்திரமான பணக்காரர்களுக்கு மட்டும்தானா பஃபின்? இதற்கு எனக்குக் கிடைத்த பதில் பெம்ப்டனிலேயே இருக்கிறது. அங்கே இன்று பறவைப் பாதுகாப்புச் சங்கம் நல்ல பாதையும் வேலிபோட்ட பார்வை மேடைகளும் அமைத்திருக்கிறது; சக்கர நாற்காலி சில மேடைகள்வரை போகும். பருவத்தில் அந்தக் கரையில் ஏறத்தாழ ஐந்து லட்சம் கடற்பறவைகள் கூடுகின்றன. அவற்றுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஏனென்றால் மேடைக்கும் முட்டைக்கும் நடுவில் செங்குத்தாக இறங்கும் காற்றுவெளி இருக்கிறது. விளிம்புவரை பாதையை எவ்வளவு வேண்டுமானாலும் செப்பனிடலாம், எனக்கு ஆட்சேபமில்லை. விளிம்புக்கு அப்பால் ஓர் ஏணிகூட வேண்டாம். ஆனாலும் பாதை நன்றாக இருக்கிறதே என்று காற்றும் வாசனையும் தள்ளுபடி கொடுத்துவிடுவதில்லை. ஐந்து லட்சம் பறவை ஐந்து லட்சம்தான்.

அப்படியானால் வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கலாமே? ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக்கில் 2000ஆம் ஆண்டிலிருந்து ஒரு கடற்பறவை மையம் இருக்கிறது. எதிரே கடலில் நிற்கும் பாஸ் ராக்கில் கேமராக்களைப் பொருத்தி, கரையில் இருந்தபடியே திருப்பித் திருப்பி, கேனட்டின் கண்ணிமைவரை கிட்டத்தில் பார்க்க வைக்கிறார்கள். காப்பி சூடாக இருக்கும், தலை உலர்ந்திருக்கும், கேனட்டுக்கும் நிம்மதி. இது என் கட்சிக்கு எதிரானது என்று நினைத்தால் தவறு. பறவைகளுக்கு ஓட்டு இருந்தால் கேமராவுக்குத்தான் போடும், நானும் போடுவேன். கஷ்டப்பட மனமில்லாதவருக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. கஷ்டப்படாமல் கிட்டத்தில் நிற்கவும் வேண்டும் என்கிற மூன்றாவது ஆசாமியோடுதான் என் சண்டை.

அந்த ஆசாமிக்குப் பறவையே கிட்டத்தில் வந்தால் என்ன நடக்கிறது என்பதற்கு நியூகாஸில் நகரம் இருக்கிறது. கிட்டிவேக் என்பது நடுக்கடல் பறவை. அதில் ஒரு கூட்டம் என்ன நினைத்ததோ, டைன் ஆற்றின் வழியே உள்ளே வந்து, 1928இல் திறக்கப்பட்ட டைன் பாலத்தின் இரும்பு விளிம்புகளிலும் பக்கத்துக் கட்டடங்களிலும் சேறு கொண்டுவந்து கூடு கட்டிக்கொண்டது. கடலிலிருந்து இவ்வளவு உள்ளே கிட்டிவேக் குடியிருக்கும் இடம் உலகில் வேறு கிடையாது. படகு வேண்டாம், மாத்திரை வேண்டாம். பஸ்ஸிலிருந்து இறங்கி அண்ணாந்தால் போதும். நகரத்தார் மகிழ்ந்தார்களா? ஒரு பகுதியினர் மகிழ்ந்தார்கள், கேமராகூட வைத்திருக்கிறார்கள். இன்னொரு பகுதியினர் எச்சத்தைப் பார்த்தார்கள், விடியற்காலை நான்கு மணிக் கூச்சலைக் கேட்டார்கள், கட்டட விளிம்புகளில் வலையும் முள்ளும் மின்கம்பியும் கட்டினார்கள். செயின்ட் கில்டாவில் இதே எச்சத்துக்கும் இதே கூச்சலுக்கும் கட்டணம் கட்டிப் போகிறவர்கள்தாம் நாம். தொலைவில் இருந்தால் 'இயற்கையின் மாபெரும் காட்சி', ஜன்னலுக்கு மேலே இருந்தால் முனிசிபாலிட்டிக்குப் புகார்.

சரி, அளவோடு அனுமதித்தால் போயிற்று, எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தால் போயிற்று என்பார்கள். வைக்கத்தான் வைக்கிறார்கள். ஸ்கோமரில் நாளைக்கு 250 பேருக்குமேல் இறங்க முடியாது. ஸ்கெல்லிக் மைக்கேலில் கோடையில் மட்டும், உரிமம் பெற்ற சில படகுகளில் மட்டும். இறங்கியபின், முன்பு அங்கே வாழ்ந்த துறவிகள் அடுக்கிவைத்த 618 கல்படிகள், கைப்பிடி என்ற பேச்சே இல்லை. வரம்புகள் நல்லவை. ஆனால் மனிதன் போட்ட வரம்பை மனிதன் நகர்த்துவான்; வருமானம் குறைந்த ஒரு வருஷம், செல்வாக்குள்ள ஒரு விருந்தாளி, பெரிய படப்பிடிப்பு என்று ஏதாவது வந்துசேரும். ஸ்கெல்லிக்கில் படப்பிடிப்பும் வந்தது. 'ஸ்டார் வார்ஸ்' எடுத்தார்கள். சட்டப்படி தொடக்கூடாத பஃபின்கள் எல்லாக் காட்சியிலும் தாராளமாக நடந்துபோயின. ஒவ்வொன்றாகக் கணினியில் அழித்து மாளாது என்று, 2017இல் வந்த படத்தில் அவற்றுக்கு மேலேயே 'போர்க்' என்ற கற்பனைப் பிராணியைப் பொருத்திவிட்டார்கள். பெரிய ஸ்டுடியோவே பஃபினை நகர்த்த முடியாமல் கதையை நகர்த்தியது என்பது எனக்கு அலாதியான சந்தோஷம். ஆனாலும் விதிகளைவிட நான் நம்புவது அலையைத்தான். அதனிடம் சிபாரிசுக் கடிதம் எடுபடாது. மந்திரியின் மைத்துனரானாலும் இன்று படகு போகாது என்றால் போகாதுதான்.

என் கட்சியில் ஓட்டை இல்லை என்று சாதிக்க மாட்டேன். இன்று இந்தப் பறவைகளைக் கொல்பவை படகேறி வருபவை அல்ல. 2022இல் பறவைக் காய்ச்சல் வந்தபோது பாறையின் உயரமோ கடலின் சீற்றமோ குறுக்கே நிற்கவில்லை. பாஸ் ராக்கில் 2014 கணக்கெடுப்பில் 75,000 ஜோடிக்கு மேல் இருந்த கேனட்டுகள், 2023இல் ஏறத்தாழ 52,000 ஆகிவிட்டன. பிழைத்தவற்றில் சிலவற்றின் வெளிர்நீலக் கண் கறுத்துப்போயிருந்தது. கடல் சூடாக ஆக, கிட்டிவேக் குஞ்சுகளுக்கு வேண்டிய பொடிமீன் கிடைப்பது குறைகிறது. 2024இல் பிரிட்டன் வடகடலில் தன் பங்கு நீர்ப்பரப்பில் அந்த மீன்பிடிப்பை நிறுத்தியது. இதற்கெல்லாம் ஒரு பயணியின் வாந்தி பரிகாரமாகாது. ஆனால் காய்ச்சல் பரவியபோது ஃபார்ன் தீவுகளில் முதலில் செய்ய வேண்டியிருந்ததும் படகில் வருகிறவர்களை இறங்க விடாமல் நிறுத்துவதுதான். வந்த நோயைத் தடுக்க முடியாதவர்களால், போகிற கூட்டத்தையாவது தடுக்க முடிந்தது.

இவ்வளவும் பறவைக்கு நல்லது, சரி. போகிற மனிதனுக்கு என்ன லாபம்? நம்மைப் பொருட்படுத்தாதவர்கள் மத்தியில் சில மணி நேரம் இருந்துவிட்டு வருவது என்பேன். ஆர்க்னியின் ஐன்ஹாலோ தீவில் ஃபுல்மார்களை ஆராய்ந்த ஜார்ஜ் டன்னெட், 1951இல் ஒரு பறவையைக் கையில் பிடித்தபடி படமெடுத்துக்கொண்டார். இளைஞர், அடர்த்தியான கருமுடி. 1986இல் அதே பறவையோடு மறுபடி படமெடுத்துக்கொண்டார். அவருக்கு முடி வெளுத்து, முகம் சுருங்கிவிட்டது. பறவை அப்படியே இருக்கிறது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய அதே அதிருப்தி முகத்தில். நம் வயதை இவ்வளவு துப்புரவாகச் சொல்லும் கண்ணாடி வீட்டில் மாட்டக் கிடைக்காது.

பறவைகளிலும் அழையா விருந்தாளி உண்டு. 1972இல் ஹெர்மனெஸின் கேனட் கூட்டத்தில் ஓர் அல்பட்ராஸ் வந்து உட்கார்ந்தது. கருப்புப் புருவ அல்பட்ராஸ் பூமியின் தென்பாதியைச் சேர்ந்தது. எந்தக் காற்று எங்கே தள்ளிவிட்டதோ, நிலநடுக்கோட்டைத் தாண்டி வந்துவிட்டது. ஆல்பர்ட் என்று பேர் வைத்தார்கள். கூடு கட்டி வைத்துக்கொண்டு, நடுவில் சில வருஷம் காணாமல் போனாலும், 1990களின் நடுப்பகுதிவரை திரும்பத் திரும்ப வந்து ஆல்பர்ட் பெண்ணுக்காகக் காத்திருந்தது. கேனட்டுகள் தரப்பிலிருந்து சம்மதம் வரவில்லை. 2021இல் பெம்ப்டனில் இன்னொன்று வந்து அதே முயற்சியில் இறங்கியது. அதற்கும் அதே பதில். கேனட் பார்க்க வந்த கூட்டம் கேனட்டை விட்டுவிட்டு அதைப் பார்க்கப் பெரிய பெரிய லென்ஸோடு வரிசைகட்டி நின்றது. உலகத்தின் பாதியைத் தாண்டி வந்து, இருபது வருஷம் பொறுமையாக உட்கார்ந்திருந்த சொந்த சாதிப் பறவைக்கே அங்கே இவ்வளவுதான் மரியாதை. ஹாரிஸிலிருந்து மூன்று மணி நேரம் படகில் வந்துவிட்டு, "இவ்வளவு தூரம் வந்தும் பறவைகள் சரியாக ஒத்துழைக்கவில்லை" என்று எழுதி இரண்டு நட்சத்திரம் போடுகிறவர் அந்தப் பாறையில் வேறு எதை எதிர்பார்த்துப் போனார்?